ஆறு மணித் தட்டல்

குண்டூசி: பெல் ரிப்பேரா? வெளியில நின்ன எனக்கே கேக்குது, உள்ள இருக்கிற உனக்குக் கேக்கலையா? நாலு தடவை அமுக்கிப் பாத்துட்டு, என்கிட்ட இருக்கிற சாவியப் போட்டுத் திறந்துக்கிட்டு வரேன்.

சங்கு: அது இஷ்டத்துக்கு அடிக்கும்டி. ஒரு நாள் அடிக்கும், ஒரு நாள் அடிக்காது. உட்காரு. அங்க இல்ல... இந்த நாற்காலியில. சன்னலப் பாத்து.

குண்டூசி: வெளிச்சம் மூஞ்சியில அடிக்குது.

சங்கு: அடிக்கட்டும். பதினோரு நாளாச்சு உன் மூஞ்சியப் பாத்து, போன வியாழக்கிழமையும் நீ வரல. என்னடி இப்படி இளச்சுட்டே?

குண்டூசி: குண்டூசி இளச்சா என்ன ஆகும்? நூலாகும்.

சங்கு: ஆயிட்டே. இனிமே உன்னக் கோக்கத்தான் ஒரு ஊசி தேடணும்.

குண்டூசி: மெதுவாப் பேசுடி. எதிர் வீட்டுக் கதவு திறக்குது பாரு. எதுக்கு இந்தக் கத்து கத்துறே?

சங்கு: எனக்குச் சங்குன்னு பேரு வெச்சதே நீதானே? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல மொத நாளு. மறந்துட்டியா?

குண்டூசி: மறக்கிற குரலா அது? "நம்பர் சொல்லுங்க"ன்னு நீ கேட்டியே... ஒயரே இல்லாம அடுத்த ஊருக்குக் கேட்டிருக்கும். நாற்பது பேரும் ஹெட்போனக் கழட்டிட்டு உன்னத்தான் பாத்தாங்க.

சங்கு: சூப்பர்வைசர் கழுகு பறந்து வந்துச்சே.

குண்டூசி: வந்துச்சு. அன்னைக்கு மேஜைக்கு அடியில நான்தான் ரெண்டு தட்டு தட்டினேன். கழுகு வருது, வாயை மூடுன்னு. உனக்குப் புரியல. "யாருடி தட்டுறது?"ன்னு அதுக்கும் ஒரு கத்து.

சங்கு: அதுக்கப்புறம் புரிஞ்சுக்கிட்டேன்ல? முப்பது வருஷம் தட்டியே பொழச்சோம்... டீ போடட்டுமா? தண்ணி வெச்சிருக்கேன்.

குண்டூசி: வெச்சதுதான் தெரியுதே. கெட்டில் விசிலடிச்சுக்கிட்டே கெடக்கு.

சங்கு: ஆங்... அடிக்கட்டும். நல்லாக் கொதிக்கணும்.

குண்டூசி: கொதிக்கிறதா? பாதி ஆவியாப் போயிருக்கும். இரு, நானே அணைச்சுட்டு வரேன்... ஏண்டி, உன் ரேடியோ எங்கே? அடுப்பு மேடையில அந்த இடமே காலியா இருக்கு.

சங்கு: ...

குண்டூசி: ஏய், உன்னத்தான். ரேடியோ எங்கேன்னு கேட்டேன்.

சங்கு: இங்க வந்து உட்கார்ந்து கேளேன். அடுப்படிக்குள்ள நின்னுக்கிட்டுப் பேசினா எப்படி?

குண்டூசி: வந்துட்டேன். ரேடியோ எங்கே?

சங்கு: வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். அலுத்துப்போச்சு.

குண்டூசி: உனக்கா? ரேடியோவா? கல்யாணத்துக்கு மறுநாளே அத வாங்கித் தரலன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டவ நீ!

சங்கு: ஆசைன்னா என்ன, கடைசி வரைக்கும் ஒட்டிக்கிட்டா இருக்கும்? சரி, அத விடு. பதினோரு நாளா என்னடி ஆளையே காணோம்? மெசேஜ் போட்டா "மருமக வந்திருக்கா"ன்னு ஒரு வரி. மறுநாள் "வேலை"ன்னு ஒரு வார்த்தை. அப்படி என்ன வேலை?

குண்டூசி: வேலைதான்... இந்தப் போனை இங்க வெக்கிறேன். பத்து மணிக்குப் பையன் பேசுவான். அவனுக்கு ஒரு பதில் சொல்லணும்.

சங்கு: எதுக்குப் பதில்?

குண்டூசி: ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பவா வேணாமான்னு. அவங்க வீட்டோட வந்து இருக்கச் சொல்றான்... ஒரே பிடிவாதம். "தனியா எதுக்கும்மா கெடக்கிறே"ங்கிறான்.

சங்கு: ...

குண்டூசி: என்ன சங்கு? ஊதக் காணோம்?

சங்கு: எத்தனை நாளைக்கு?

குண்டூசி: நாள் கணக்கு இல்ல. ஒரேயடியா. மேல் வீட்டக் காலி பண்ணிடலாம்ங்கிறான்.

சங்கு: ஓ... நல்ல விஷயம்தானே. பேரப் பிள்ளைங்க இருக்கு. கூட மனுஷங்க இருப்பாங்க.

குண்டூசி: அவ்வளவுதானா?

சங்கு: வேற என்ன சொல்லணும்?

குண்டூசி: ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தா உன் வீட்டுச் சாவி. ஒன்பது வருஷமா என் முந்தானையில கெடந்துது. இனிமே யார்கிட்டயாவது குடுத்து வை.

சங்கு: மேஜையில வை... போனதுக்கு அப்புறம் பேசுவேல்ல?

குண்டூசி: பேசாமலா? தினம் ஒரு போன்.

சங்கு: வெறும் போன் வேணாம்டி. மூஞ்சி தெரியிற மாதிரி போடு. வெளிச்சத்துல உட்கார்ந்துக்கிட்டு.

குண்டூசி: உனக்கு இப்ப என் மூஞ்சிதான் ரொம்ப முக்கியமாப் போச்சு. சரி, டீயக் கலக்கு. நான் கொஞ்சம் காத்து வாங்குறேன்.

சங்கு: சன்னல்கிட்ட என்ன காத்து? ஃபேன் ஓடுதே.

குண்டூசி: உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இத என்னால சொல்ல முடியாது. அதான் இப்படித் திரும்பி நிக்கிறேன்... அவன் கூப்பிடல, சங்கு. நானேதான் கேட்டேன். "வந்து இருக்கட்டுமாடா"ன்னு. ரெண்டு நாள் பதிலே இல்ல. அப்புறம் "சரிம்மா, ஹால்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம்"னு சொன்னான். ஹால்ல. டிவிக்குப் பக்கத்துல.

சங்கு: இந்தப் பூப்போட்ட கப்பு உனக்கு. காது உடைஞ்சது எனக்கு.

குண்டூசி: பேச்ச மாத்தாதே. ஏன் கேட்டேன்னு கேளு. பதினோரு நாளா, நம்ம ரெண்டு வீட்டுக்கும் போற தண்ணிக் குழாயில காலையில நான் தட்டவே இல்லடி. கவனிச்சியா நீ? மொத நாள் நெஜமாவே ஜுரம். எந்திரிக்க முடியல. கெடக்கட்டும், ஆறு மணிக்குத் தட்டல் வரலன்னா சங்கு ஓடி வந்துருவா, அவகிட்ட என் வீட்டுச் சாவி இருக்கேன்னு படுத்துக் கெடந்தேன்.

சங்கு: மூணாம் மாடிக்காரர் கார் வாங்கியிருக்கார், பாத்தியா? கீழ நிக்கும் பாரு. நீலக் கலர்.

குண்டூசி: காரா? நான் என்ன பேசுறேன், நீ என்ன பேசுறே! ஆறு மணிக்குக் குழாயில டொக்குன்னு ஒரு சத்தம். உன் பதில். நான் தட்டாமலே! அந்த ஒரு தட்டு என் நெஞ்சுல விழுந்த மாதிரி இருந்துச்சுடி. மறுநாள் எந்திரிக்க முடிஞ்சுது, ஆனா வேணும்னே தட்டல. உன் மெசேஜுக்கு ஒத்தை வரி போட்டதும் அந்தக் கோவத்துலதான். அன்னைக்கும் டொக். மூணாம் நாள். நாலாம் நாள். இன்னைக்கு வரைக்கும். மேல ஒருத்தி இருக்காளா செத்தாளான்னு கேக்கத்தானேடி அந்தப் பழக்கமே? எதிர் பிளாக்குல அந்த மனுஷன் மூணு நாள் கதவுக்குப் பின்னாடி செத்துக் கெடந்தாரே, அதப் பாத்துட்டுத்தானே ஆரம்பிச்சோம்? நீ ஏதோ பல்லு வெளக்குற மாதிரி தட்டிட்டுப் போயிட்டே.

சங்கு: சர்க்கரை அரை ஸ்பூன்தானே இப்பவும்? அரைதான். போட்டுட்டேன்.

குண்டூசி: சங்கு... போன் அடிக்குது. உன் கைக்குப் பக்கத்துல.

சங்கு: பிஸ்கட் வேணுமா? உனக்குப் பிடிச்ச உப்பு பிஸ்கட் இருக்கு.

குண்டூசி: சன்னல் கண்ணாடியில தெரியுது, உன் விரலுக்கும் அதுக்கும் நாலு அங்குலம் இல்ல. அடிக்குது சங்கு.

சங்கு: டப்பாவ எங்க வெச்சேன்...

குண்டூசி: சங்கு. இந்த வீடு தீப்பிடிச்சு எரியுது.

சங்கு: இந்தா இருக்கு. நமுத்துப் போகல, நல்லாத்தான் இருக்கு. என்னடி, அப்படியே நின்னுட்டே? இந்தப் பக்கம் திரும்பேன்.

குண்டூசி: திரும்பிட்டேன். போன் அடிக்குது, எடு.

சங்கு: ஆமா, அடிக்குதே! டீ கலக்குற மும்முரத்துல கவனிக்கல. இந்தா.

குண்டூசி: அது நின்னு ஒரு நிமிஷம் ஆச்சு, சங்கு. இப்ப இந்த வீட்டுல ஒண்ணுமே அடிக்கல.

சங்கு: ...டீ ஆறிடும். குடி.

குண்டூசி: எத்தனை நாளா?

சங்கு: குடிச்சுட்டுப் பேசுவோம்.

குண்டூசி: எத்தனை நாளாடி?

சங்கு: எட்டு மாசம். மொதல்ல எடது. அதுதான் ஹெட்போன் காது. அப்புறம் வலதும் அது பின்னாடியே போயிருச்சு. கல்யாணமான ஜோடி மாதிரி.

குண்டூசி: விளையாடாதே. டாக்டர்கிட்ட போனியா?

சங்கு: போனேன். ஒரு மிஷின் வெச்சுப் பாத்தார். காகிதத்துல எழுதிக் காட்டினார். நரம்பாம். மிஷின் மாட்டினாலும் இரைச்சல்தான் வருமாம். நானும் மாட்டிப் பாத்தேன். தகரக் கூரையில மழை பெஞ்ச மாதிரி இருந்துச்சு. கழட்டிட்டேன்.

குண்டூசி: ஆனா என்கூடப் பேசினியே! எட்டு மாசமா, வியாழக்கிழமை தவறாம, இதே மேஜையில... ஒரு வார்த்தை பிசகாம பதில் சொன்னியே?

சங்கு: நீ எங்க பேசினே? நான் பாத்தேன்.

குண்டூசி: என்னது?

சங்கு: எக்ஸ்சேஞ்சுல வாயத் திறந்தா கழுகு கொத்தும். நீயும் நானும் உதட்டாலயே பேசுவோம், ஞாபகம் இருக்கா? ஒரு காதுல யாரோ ஒருத்தன் நம்பர் கேட்டுக்கிட்டிருப்பான். நீ பக்கத்து நாற்காலியில சத்தமில்லாம, "உன் சாப்பாட்டுல உப்பு ஜாஸ்தி"ம்பே. முப்பது வருஷம் படிச்ச உதடுடி அது. மத்தவங்க உதடெல்லாம் எனக்குக் கிறுக்கல். உன் உதடு மட்டும் அச்சடிச்ச எழுத்து.

குண்டூசி: அதான் இந்த நாற்காலியா... சன்னல் வெளிச்சமா...

சங்கு: மேகம் போட்டா உன் பேச்சுல பாதிதான் எனக்கு.

குண்டூசி: மத்தவங்ககிட்ட எப்படிச் சமாளிக்கிறே? கடை, பால்காரர்...

சங்கு: சமாளிக்கல. முட்டி வலின்னு சொல்லிக் கடைக்குப் போறத நிறுத்திட்டேன். பால்காரருக்குச் சீட்டு எழுதி வெக்கிறேன். அவர் நான் கோபமா இருக்கேன்னு நெனச்சு ஒரு வாரம் கெட்டித் தயிரா குடுத்தார். பொண்ணு போன் பண்ணினா எடுக்கறதில்ல, "மெசேஜ் போடு, அம்மா பிஸி"ம்பேன். உன் மருமக வந்திருக்கான்னு நீ எழுதினியே, அதான் நான் மேலயே வரல. அவ உதடு எனக்குத் தெரியாது. அவ ஏதாவது கேட்டு நான் முழிச்சா, அன்னைக்கே உனக்குத் தெரிஞ்சு போயிருக்கும்.

குண்டூசி: தெரிஞ்சா என்னடி? என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?

சங்கு: இந்தா... இப்பவே கத்துறே பாரு. கழுத்து நரம்பு புடைக்குது.

குண்டூசி: கத்தல.

சங்கு: கத்துறே. தெரிஞ்சவங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. வாயப் பிளந்து பிளந்து, கொழந்தைக்குச் சொல்ற மாதிரி. அப்புறம் ரெண்டு வார்த்தையில முடிச்சுக்குவாங்க. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. கத்திக்கிட்டே யாராவது ரகசியம் பேசுவாங்களா? எனக்கு மிச்சம் இருந்ததே வியாழக்கிழமை ஒரு மணி நேரம். அதையும் எதுக்குக் கெடுத்துக்கணும்?

குண்டூசி: அவ்வளவு வெச்சுக்கிட்டு... நான் ஒரேயடியாப் போறேன்னதும் "நல்ல விஷயம்"னு சொன்னியே? போகாதேன்னு ஒரு வார்த்தை வரலையே உன் வாயில?

சங்கு: எப்படிடி வரும்? உன்ன இங்க நிறுத்தினா யாருக்காக நிறுத்துறேன்? எனக்காகத்தானே? பேரப் பிள்ளைங்களோட இருக்க வேண்டியவள, எனக்கு உதடு வேணும்னு புடிச்சு வெச்சுக்கிறதா?

குண்டூசி: அவன் கூப்பிடல.

சங்கு: என்ன?

குண்டூசி: என் வாயப் பாரு. அவன் கூப்பிடல. நானேதான் கேட்டேன். ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல ஒரு கட்டில். அதுதான் எனக்குக் கெடச்ச இடம். இத அப்பவே சொன்னேன், சன்னலப் பாத்துக்கிட்டு.

சங்கு: அடிப் பாவி... முதுகுக்கு உதடு இருக்கா என்ன?

குண்டூசி: சிரிக்காதடி.

சங்கு: நீதான் சிரிக்கிறே. அழுதுக்கிட்டே சிரிச்சா எனக்கு ஒரு எழுத்தும் புரியாது. தொடச்சுக்கிட்டுப் பேசு... இரு, போன் பக்கத்துல டீ நடுங்குது பாரு. கப்புல வட்டம் வட்டமா. திரும்ப அடிக்குதா?

குண்டூசி: அடிக்குது... ஹலோ. ஆமாப்பா. கேக்குது, சொல்லு... கட்டில் வாங்கிட்டியா? கடையிலதான் நிக்கிறியா? அப்ப வாங்காதே... இல்லப்பா, கோவமெல்லாம் இல்ல... அங்க வந்தா நான் யார்கூடப்பா பேசுவேன்?... வரேன், லீவுல நாலு நாள் வந்து தங்குறேன்... ஆமா, தரையில படுத்துக்குவேன். வெச்சுடவா?

சங்கு: என்ன சொன்னான்? அவன் உதடு போனுக்குள்ள இருக்கே.

குண்டூசி: "சரிம்மா"ன்னான். ரொம்பச் சீக்கிரமாச் சொன்னான். பரவாயில்ல. அந்தச் சாவிய இந்தப் பக்கம் தள்ளு.

சங்கு: எனக்காக இருக்காதே. பரிதாபத்துல ஒருத்தி மேல் வீட்டுல உட்கார்ந்திருந்தா எனக்குத் தாங்காது.

குண்டூசி: உன்மேல எனக்கென்னடி பரிதாபம்? நான் சன்னலப் பாத்து ஒப்பாரி வெக்கிறேன், நீ நீலக் கார் கதை பேசுறே. சாவியக் குடு.

சங்கு: இந்தா. முடிச்ச இறுக்கிப் போடு, விழுந்துரும்... உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? காது போனதும் மொதல்ல வீடே செத்த மாதிரி இருந்துச்சு. ரேடியோவத் தூக்கிக் குடுத்த அன்னைக்குச் சோறு எறங்கல. அப்புறம் ஒரு நாள் தண்ணி புடிக்கும்போது குழாய்மேல உள்ளங்கை பட்டுச்சு. நடுங்குது! இந்த வீட்டுல எத்தனை விஷயம் நடுங்குதுன்னு இத்தனை வயசுக்கு அப்புறம்தான்டி கத்துக்கிட்டேன். அஞ்சரைக்கு மோட்டார், பூனை உறுமுற மாதிரி. அஞ்சே முக்காலுக்கு மூணாம் மாடிக்காரர் குளிக்கிறார், சரசரன்னு. அப்புறம் ஆறு மணிக்கு நீ.

குண்டூசி: நான் தட்டினது... கையிலயா கேட்டே?

சங்கு: ரெண்டு தட்டு. பொடுக் பொடுக்னு, குறுகுறுன்னு முழங்கை வரைக்கும் ஏறும். நாளெல்லாம் அது இருக்கும் கையில. நடுவுல நாலு நாள் ஸ்பூன விட்டுட்டுக் கரண்டியால தட்டினே. தெரிஞ்சுது.

குண்டூசி: ஸ்பூன் அடுப்புக்குப் பின்னாடி விழுந்துருச்சு... சங்கு, இங்க பாரு. என் உதட்டப் பாரு. நேராக் கேக்குறேன். ஸ்பூனுக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரிஞ்சவ நீ. இந்தப் பதினோரு நாளா ஆறு மணிக்குக் கைய வெச்சியா?

சங்கு: வெக்காம? அஞ்சரைக்கே வந்து நின்னுருவேன்.

குண்டூசி: நான் தட்டல. ஒரு நாள்கூடத் தட்டல. மொத நாள் ஜுரம், மத்த நாளெல்லாம் வேணும்னே. நீ வரியான்னு பாக்க. உன் கையில ஒண்ணுமே வந்திருக்காது. அப்புறம் யாருக்குடி தினமும் பதில் தட்டினே?

சங்கு: தட்டலையா?... நெஜமாவா? அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?... மோட்டார் வந்துச்சுடி, குளிக்கிறவர் வந்தார், நீ மட்டும் வரல. கொடியில உன் துணி மாறிக்கிட்டே இருந்துச்சு, அதனால நீ இருக்கேன்னு தெரியும். பெரிய நடுக்கம் மட்டும்தான் இனிமே கைக்கு வரும் போல, சின்னது நின்னு போச்சு, காது போன மாதிரியே இதுவும் கொஞ்சம் கொஞ்சமாப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு, கடியாரத்தப் பாத்துத் தட்டினேன்... நீ தட்டாம இருப்பேன்னு எனக்கு ஒரு நாளும் தோணலடி.